வெள்ளம் வடிந்த வீட்டில் எறிவதா, வைப்பதா?

வெள்ளம் வடிந்த மறுநாள், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் எங்கள் லாபிஸ் ஊர்ப் பக்கம் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்தாலும் ஒரே வாக்குவாதம்தான் கேட்கும். "எல்லாத்தையும் தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்பான் மகன். "கைய வச்சுப் பாரு" என்பார் அம்மா. இருவரும் சேற்றில் நிற்கிறார்கள், இருவரும் ஒழுங்காகத் தூங்கி நாளாகிவிட்டது. அந்த நிலைமையில் எடுக்கும் முடிவு எதுவானாலும் பிறகு உறுத்தும்.

எங்கள் செகாமட் மாவட்டம் 2006 டிசம்பரிலும், 2011 தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் பெரிய வெள்ளத்தைப் பார்த்தது. 2023-இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மூன்று விதமாக வீட்டைக் காலி செய்ததைப் பார்த்தேன். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரை உறிஞ்சிக்கொண்ட பொருளைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கழுவினால் தேறும் பொருளை மனசு ஆறிய பிறகு முடிவு செய்யலாம். இந்த இரண்டுக்கும் முன்னால், உட்கார்ந்து ஒரு கோப்பி குடிக்க வீட்டுக்குள் காய்ந்த மூலை ஒன்று வேண்டும்.

முதல் வழி, ஒரே மூச்சில் அள்ளிப் போடுவது. தெருமுனையில் ரோரோ தொட்டி, அதாவது லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய குப்பைத் தொட்டி, வந்து நின்றதும் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வீட்டைத் துடைத்து வைத்துவிடுவார்கள். இந்த வழிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளத்துச் சேறு வெறும் மண் இல்லை. சாக்கடை, கழிவுத்தொட்டி, பட்டறை எண்ணெய் எல்லாம் கலந்தது. ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகக்கூட உள்ளே போகும். அதனால் பூட்ஸும் கையுறையும் போடாமல் யாரும் இறங்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், "வெள்ளத்துல சேறு அள்ளினேன்" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் வாளியும் பேசின் பாத்திரமும் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசுவைப் பறக்கவிடும். சீக்கிரம் அள்ளிப் போடுவதால் இதெல்லாம் குறையும். வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் நானும் இந்தப் பக்கமே சாய்வேன்.

ஆனால் இந்த வேகத்தில் கை போகிற போக்கில் தலை போவதில்லை. அலமாரியோடு சேர்த்து அதன் அடித்தட்டில் இருந்த கோப்பும் தொட்டிக்குப் போய்விடுகிறது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது சாதாரண நஷ்டம் இல்லை. எங்கள் தாமானில் இருக்கும் பலர் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் லயமும் இடிந்தது. அங்கே வாழ்ந்ததற்கு அவர்கள் கையில் இருக்கும் சாட்சி ஒரு தகரப் பெட்டிதான்: பழைய பிறப்புப் பத்திரம், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் அட்டை), சேமநிதிக் காகிதம், மேற்பிடி தேய்ந்த பால்மரம் சீவும் கத்தி. பேரப்பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அந்தக் காகிதங்களில் ஒன்று தேவைப்படலாம். இதைத் தெரியாத ஒரு நல்ல மனசுக்காரத் தொண்டர் 'குப்பை' என்று நினைத்துத் தூக்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கப் பல வருஷம் அலைய வேண்டியிருக்கும். ஆக, எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். வீட்டுப் பெரியவர் ஒருவர் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று கைகாட்டி, அவை தனியாக வெளியே வரும்வரை யாரும் வேறு எதையும் தொடக் கூடாது. மைகாட் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் பழுதாகிப் போயிருந்தால், பேரிடர் நேரத்தில் தேசியப் பதிவுத் துறை மாற்று ஆவணத்துக்குக் கட்டண விலக்கு தந்திருக்கிறது. கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி, எதையும் எறியாமல் கழுவிக் காயவைப்பது. பெரும்பாலும் அம்மாக்களின் வழி. பணம் ஒரு காரணம். தவணை கட்டி முடித்துச் சில மாதம்கூட ஆகாத சோபாவை எறிய யாருக்கு மனசு வரும்? நினைவு இன்னொரு காரணம். ஆனால் இந்த வழி பொருளைப் பொறுத்து ஜெயிக்கும் அல்லது தோற்கும். நம் பாசத்தைப் பொறுத்து அல்ல. மெத்தையும் தலையணையும் தேறவே தேறாது. வெயிலில் மேல்துணி காய்ந்துவிடும், உள்ளே பஞ்சும் ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாலு நாள் கழித்து வாடை சொல்லிவிடும். துணிச் சோபாவும் அப்படித்தான். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி, டிவி மேசை எல்லாம் தண்ணீர் பட்டதும் ஊதிவிடும். ஊதினது திரும்பிச் சுருங்காது. இதைக் காயவைக்க இடம் ஒதுக்குவது, அந்த இடத்தில் வாழும் மனிதரிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது.

தேறுவதும் நிறைய இருக்கிறது. முழு மரத்தில் செய்த செங்கால் மரக் கட்டில், பழைய மெராந்தி மர நாற்காலி ஆகியவற்றைக் கழுவி, நேர் வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாட மெல்லக் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் பிளக்கும். அம்மி, ஆட்டுக்கல், எவர்சில்வர், வெண்கலம் எதற்கும் கவலையே இல்லை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பழைய முகம் வந்துவிடும். மரத்தில் செய்த காய் வெட்டும் பலகையை மட்டும் எறிந்துவிடுங்கள், கீறலுக்குள் என்ன புகுந்தது என்று யாருக்கும் தெரியாது. துணிமணிக்குத் தானியங்கி டோபி கடை பெரிய வரம். சேற்றைக் குழாய் நீரில் போக்கிவிட்டு, சுடுதண்ணீரில் ஒரு சுற்று, பெரிய டிரையரில் ஒரு சுற்று. ஈரத் துணியை வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஈரமான வீட்டை இன்னும் ஈரமாக்க வேண்டாம்.

தரை, சுவருக்குப் பிளீச் போடுபவர்கள் முதலில் சேற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சுப்புகை வரும். ஐஸ்பெட்டி, வாஷிங் மிஷின் எதையும் வயர்மேன் பார்க்காமல் சுவிட்ச் போடக் கூடாது.

எங்கள் வீட்டில் இந்த இரண்டு வழிக்கும் நடுவில் மாட்டியது ஒரு தையல் மெஷின். வார்ப்பிரும்பு, காலால் மிதிக்கிறது. அம்மா தோட்டத்தில் இருந்தபோது தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் பாவாடை தைத்தார். வெள்ளத்துக்குப் பிறகு அதன் மேல்பலகை தகடு தகடாக உரிந்து கிடந்தது, சக்கரம் சுற்றவில்லை. அண்ணன் தொட்டிக்குத் தூக்கப் போனார். "தலைய மட்டும் கழட்டிக் குடுப்பா, பலகைய நீ கொண்டு போ" என்றார் அம்மா. அவர் அதைப் பேசினில் வைத்து, பாபினுக்குப் பக்கத்தில் உள்ள சந்துகளில் தேய்ந்த பல்துலக்கும் பிரஷை விட்டுச் சேற்றை எடுத்தார். நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, துணியால் ஒற்றி, விசிறிக்கு முன்னால் வைத்தார். அப்புறம் எண்ணெய் விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் மெஷின் எண்ணெய் விட்டு, கையால் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். சாயங்காலம் ஊசி ஒரு தடவை இறங்கி ஏறியது. இந்த ஒரு காட்சியில் மூன்றாவது வழி முழுசாக இருக்கிறது: பலகை போகட்டும், தலை இருக்கட்டும்.

மூன்றாவது வழி இப்படிப் போகும். முதல் இரண்டு மூன்று நாளில் உறிஞ்சும் பொருட்களை மட்டும் பார்ப்பது. மெத்தை, சோபா, கம்பளம், ஊதிப்போன பலகை, வெள்ளம் தொட்ட சாப்பாட்டுப் பொருள் எல்லாம் தயங்காமல் வெளியே. விவாதம் வேண்டாம், அழுகிப்போகும் பொருளில் பழசு புதுசு கிடையாது. மற்றதைக் கழுவிக் காயவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, மேலே ஒரு மாதத்தின் பெயரை எழுதி ஒதுக்கிவிடுவது. அந்த மாதம் வரும்போது திறந்து பார்ப்பது. எறிவதா வைப்பதா என்ற கேள்வியை, தூங்கி எழுந்த கண்ணுக்கும் சாப்பிட்ட வயிற்றுக்கும் தள்ளிப் போடுகிறோம், அவ்வளவுதான். இதன் குறை, இடம். சின்ன வீட்டில் பெட்டிகள் கூடத்தை அடைத்துக்கொள்ளும். தள்ளிப் போட்டது அப்படியே கிடந்து போகும் ஆபத்தும் உண்டு, மாதத்தின் பெயரை எழுதச் சொல்வது அதற்காகத்தான். அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) வைப்பதானால் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி உயரத்தில் வையுங்கள்.

போட்டோக்கள் மட்டும் இந்த வரிசையில் அடங்காது. ஒட்டிப்போன கல்யாண ஆல்பத்தை வெயிலில் வைத்துக் காயவைத்தால் எல்லாம் ஒரே பலகையாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, படத்தைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, படத்தின் முகத்தை விரலால் தேய்க்காமல், வெள்ளைத் தாள் மேல் முகம் மேலே பார்க்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். அன்றைக்கு நேரமில்லையா? மெழுகுத்தாள் இடையில் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெள்ளம் வராத உறவினர் வீட்டு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டால் அது காத்திருக்கும். அண்ணி எங்கள் ஆல்பத்தை அப்படித்தான் காப்பாற்றினார். சில படங்களில் முகம் போய்விட்டது, சேலையின் கரை மட்டும் இருக்கிறது. அம்மா அவற்றையும் எறியவில்லை. எறியச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இனி பணம். வெள்ள நிவாரண மையத்தில் பதிந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் 'வாங் இஹ்சான்' என்ற உதவித்தொகையாக 1,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது. அதை என்ன செய்வது என்பதிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி அதை அப்படியே ஐஸ்பெட்டிக்கோ வாஷிங் மிஷினுக்கோ போடும். வீட்டில் இன்சுலின் வைக்க வேண்டியவர் இருந்தால் ஐஸ்பெட்டிதான் முதலில், அதில் பேச்சே இல்லை. மற்ற வீடுகளில் எனக்கு வேறு எண்ணம். துணிக்கு டோபி கடை இருக்கிறது. மீன், காய்கறி அன்றன்றைக்கு வாங்கிச் சமைத்தால் சில வாரம் ஓட்டலாம். தூக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை. பாயும் மெல்லிய மெத்தையும், காய்ந்த தலையணை ஆளுக்கொன்று, ஒரு மேசை விசிறி, தண்ணீர் கொதிக்க ஒரு கெட்டில், குளிக்கும் இடத்தில் ஒரு நல்ல பல்பு. இவ்வளவும் அந்த 1,000 வெள்ளிக்குள் அடங்கி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பெரிய மிஷினை வாங்கினால் கைக்காசு முழுசும் போய், சேற்று வாடை அடிக்கும் அறையில் பளபளவென்று அது மட்டும் நிற்கும். ஆட்கள் இன்னும் அட்டைப் பெட்டி மேல் படுத்துக்கொண்டிருப்பார்கள்.

சின்னச் சுகம் என்று சொன்னால் சிலருக்கு ஆடம்பரமாகப் படுகிறது. எங்கள் வீட்டில் அதன் விலை இவ்வளவுதான்: கோடாலித் தைலம் ஒரு பாட்டில், ஒரு டின் மைலோ, மின்னல் எஃப்எம் கேட்க பேட்டரி போட்ட ஒரு ரேடியோ. சமையலறையை ஒட்டிய ஒரு மூலையை முதலில் கழுவி, காயவைத்து, பாய் விரித்து, அந்த மூலைக்குள் சேற்றுக்காலோடு யாரும் வரக் கூடாது என்று அம்மா கோடு போட்டார். வேலை நடுவில் ஒவ்வொருவராக அங்கே போய் உட்கார்ந்து கோப்பி ஓவும் (பால் ஊற்றாத கோப்பி) பிஸ்கட்டும் சாப்பிட்டு வருவோம். அந்த மூலை இருந்ததால்தான் மிச்ச வீட்டில் நிதானமாக முடிவெடுக்க முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாமி மேடையைத்தான் முதலில் கழுவினார். விளக்கேற்றிய பிறகுதான் அடுத்த அறைக்குப் போனார். அவருடைய காய்ந்த மூலை அது. எது என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் ஒன்று வேண்டும்.

சாமி படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்துக்குள் தண்ணீர் புகுந்து கறுத்துப்போன படத்தைக் குப்பைத் தொட்டியில் போட யாருக்கும் கை வராது. அதனால் ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். கண்ணாடி உடைந்து அடுத்த மழையில் ஆற்றுக்குள் போகிறது. கண்ணாடியையும் சட்டத்தையும் நீங்களே பிரித்துவிட்டு, படத்தை மட்டும் கோயிலில் கொடுத்து என்ன செய்வது என்று குருக்களிடமோ நிர்வாகத்திடமோ கேட்பது நல்லது.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு குவியல் ஒரு வாரம் கழித்து வரும். கொடை. நல்ல மனசோடு லாரி லாரியாக வரும் போர்வை, மினரல் வாட்டர், பழைய துணி. நாலு மூட்டையை வெளியே போட்ட வீட்டுக்குள் ஆறு மூட்டை உள்ளே வந்துவிடும். வாங்க மறுத்தால் திமிர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். "எங்களுக்குப் போர்வை போதும்ங்க, பின்லைன் வீட்டுல பிள்ளைங்க இருக்கு, அங்க குடுங்க" என்று சொல்வதில் தவறே இல்லை. கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கிழிந்த துணியை விட ஒரு பெட்டி உள்ளாடை, சானிட்டரி பேட், தரைத் துடைப்பம், சுடுதண்ணீர்ப் போத்தல் இவற்றுக்கு அந்த வாரத்தில் மதிப்பு அதிகம்.

எறிவதிலும் வித்தியாசம் உண்டு. வெள்ளம் முடிந்து ரோரோ தொட்டி போன பிறகும் ஜொகூரில் வழக்கமான குப்பை வண்டி வாரத்தில் ஒரு நாள் பெரிய சாமான்களுக்கும் மறுசுழற்சிப் பொருளுக்கும் என்று தனியாக வரும். பழைய இரும்பு, செத்துப்போன விசிறி, அலுமினியச் சட்டி எல்லாம் 'சூராட் காபார் லாமா' (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரரிடம் போட்டால் கொஞ்சம் காசும் வரும். நன்றாக இருக்கிற, ஆனால் இனி நமக்கு வேண்டாத துணியைப் பண்டல் கடையில் (பழைய துணி விற்கும் கடையில்) எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். நனைந்து பூஞ்சை பிடித்ததை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

யாருடைய பொருளை யார் முடிவு செய்வது என்பதில் நான் பிடிவாதக்காரி. பிள்ளையின் பரிசுக்கோப்பையைத் தாயும், தாயின் பாத்திரத்தை மருமகளும் எறிந்த வீடுகளில் வெள்ளம் வடிந்து வருஷமான பிறகும் பேச்சு வார்த்தை சரியில்லை. அவரவர் பெட்டியில் அவரவர் கை. படுக்கையில் இருக்கும் பெரியவராக இருந்தாலும் பொருளை ஒவ்வொன்றாகக் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள். நேரம் பிடிக்கும். பல பெரியவர்கள் நாம் பயந்ததை விடச் சுலபமாக "குடுத்துரு" என்பார்கள். கேட்காமல் எடுத்தால்தான் பற்று கூடுகிறது.

ஆக, வீட்டில் நோயாளியோ குழந்தையோ இருந்து, மூச்சுவிட நேரமில்லை என்றால் காகிதங்களை எடுத்துவிட்டு முதல் வழி. கல், உலோகம், முழு மரம் என்று வாழ்கிற பழைய வீடானால், இரண்டாவது வழியே பெரும்பகுதிக்குப் போதும். மற்றவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்ற தாமான் வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, மூன்றாவது.

பெட்டியில் எழுதும் மாதம் அக்டோபரைத் தாண்ட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். எங்கள் பக்கத்துப் பெரிய வெள்ளங்கள் எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவைதான். அதற்குள் பெட்டிகளைத் திறந்து முடித்து, தங்கியதை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அசலைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, அவசரத்தில் பத்து வயசுப் பிள்ளைகூட எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் மாட்டி வையுங்கள்.